இரு வாயில்களுக்கு நடுவே ஒன்றரை நிமிடம்

விதி ஒன்பது, உட்பிரிவு நான்கு: "ஆட்டக்காரரின் சேமிப்பை மீட்க முடியாதபடி கெடுக்கும் பிழையை ஒருமுறை கண்டாலே போதும். அதை மீண்டும் செய்துகாட்டும்படி டெஸ்டரைக் கேட்கக் கூடாது. உடனே மேலே அனுப்ப வேண்டும்."

உங்கள் கையேட்டின் பின்பகுதியில் இது இருக்கிறது. நீங்கள் அதுவரை போயிருக்க மாட்டீர்கள். வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டு வாங்குகிறீர்கள். மறுநாள் அது மானிட்டருக்கு அடியில் போய்விடுகிறது. எனக்குக் கோபமில்லை. அந்த உயரத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. இந்த வாசகத்தை எழுதியவன் நான்தான். அது தேவைப்பட்ட அன்று அதை மறந்தவனும் நான்தான். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என் சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

கணினி விளையாட்டுகளைச் சோதிக்கும் இந்தத் தொழிலுக்கு நான் நேர்வழியில் வரவில்லை. அதற்கு முன் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரி எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதல் பக்கத்தில் எது கூடாது என்று இருக்கும், கடைசிப் பக்கத்தில்தான் எப்போது கூடும் என்று இருக்கும் என்பார். அவரிடமிருந்து கையேடு எழுதக் கற்றுக்கொண்டேன். படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் அலுவலகம் அப்போது எர்ணாகுளத்தை அடுத்த கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே பத்துப் பேர் தும்முவோம். வெளிநாட்டு ஸ்டுடியோ ஒன்று எங்களுக்கு ஒரு கோட்டையைக் கொடுத்திருந்தது. கடலோரப் பாறைமேல் நிற்கும் இடைக்காலக் கோட்டை. வாளும் ஜெபமாலையும் ஒன்றாகத் தாங்கும் துறவி வீரர்களின் சபைக்குச் சொந்தமானது. நுழைவாயிலைக் கணினியில் கட்டித்தருவது எங்கள் ஓவியர் வர்கீஸின் வேலை. முழுக் கோட்டையையும் சோதிப்பது என் கீழிருந்த டெஸ்டர்களின் வேலை.

அந்த நுழைவாயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதலில் வெளி வாயில், கொஞ்சம் தள்ளி உள் வாயில், இரண்டுக்கும் நடுவே ஓர் இருட்டறை. இரண்டு வாயிலிலும் மேலிருந்து இறங்கும் இரும்புக் கிராதி. யாத்திரிகர் வேடத்தில் வரும் ஆட்டக்காரர் இருட்டறைக்குள் நின்று போலிக் கடிதத்தைக் காட்ட வேண்டும். காவலாளி அதைப் பார்த்து உள் வாயிலைத் திறப்பான். பழைய கோட்டைகளில் இப்படி அறை வைத்ததற்குக் காரணம் உண்டு. எதிரி உள்ளே நுழைந்ததும் முன்னும் பின்னும் கிராதியை இறக்கினால் அவன் கூண்டுக்குள் எலி.

எங்கள் டெஸ்டர்கள் அந்த இடத்தைப் பதினோரு வினாடியில் கடப்பார்கள். தட்டச்சில் ஒரு குறுக்கு ஆணை கொடுத்தால் நேராகக் கோட்டை வாசலில் போய் நிற்கலாம். அப்படிப் போனால் விளையாட்டுக்குள் எப்போதும் காலை நேரம். ஓடு, கடிதத்தைக் காட்டு, ஓடு. ஒருநாளில் நாற்பது தடவை. அந்தக் கோட்டை எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. எங்கே இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் தூக்கத்திலும் சொல்வார்கள். நீங்களும் இப்போதே அப்படி ஆகிக்கொண்டிருப்பீர்கள். வாழ்த்துகள்.

டெஸ்டர்களில் ஒருவர் ஜெயந்தி. பள்ளுருத்திக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். எங்களிடம் வருவதற்கு முன் எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் ஒன்பது வருடம் நின்றவர். நின்றவர் என்று சொல்வது வெறும் பேச்சுக்கல்ல. அங்கே உட்கார இடம் கிடையாது. காலில் நரம்பு புடைத்து, இனி நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே வந்தார். மூன்று மாத ஒப்பந்தம், நன்றாகச் செய்தால் நீட்டிப்பு. சேர்ந்த அன்று தனக்குக் கொடுத்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கே இங்க வேலை செய்யலாம் சார்" என்றார்.

ஜூலைக் கடைசியில் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"சார், கோட்டை வாசல்ல ரெண்டு கதவும் அடைஞ்சு போச்சு. காவக்காரன் எழுந்து போயிட்டான். சேவும் அதுமேலயே விழுந்துடுச்சு. இனி எத்தனை தடவை தொறந்தாலும் அந்த இருட்டுக்குள்ளதான்."

"என்ன செய்துகொண்டிருந்தபோது?"

"சும்மா... நடந்து வந்தப்போ."

இந்தத் தொழிலில் உங்கள் காதில் விழக்கூடிய மிக முக்கியமான சொல் அந்த 'சும்மா'. யாராவது அதைச் சொல்லி நிறுத்தினால் சாயா வாங்கிக் கொடுத்து உட்காரவையுங்கள். அதற்குள் ஏதோ மூடிவைக்கப்பட்டிருக்கிறது. நான் சாயா வாங்கிக் கொடுக்கவில்லை. விதி ஆறைப் பிரித்தேன். மூன்று முறை செய்துகாட்ட முடியாத பிழை பிழையாகாது என்பது அது. மூன்று பேரை உட்காரவைத்துச் சோதித்தேன். மூன்று பேரும் பதினோரு வினாடியில் ஓடினார்கள். மூன்று முறையும் மாப்பிள்ளை அழைப்புபோல வாயில் திறந்தது. 'மீண்டும் நிகழவில்லை, மூடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்படி மூடப்பட்ட பிழைக் குறிப்பு அவருக்கு அது மூன்றாவது. ஒரே ஒப்பந்தக் காலத்தில் மூன்று குறிப்புகள் இப்படி மூடப்பட்டால் நீட்டிப்பு கிடையாது. அவருடைய முதல் குறிப்பு வந்த அன்றே ஸ்டுடியோக்காரர்கள் அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டிருந்தார்கள். இரண்டாவது அவருடைய சொந்தத் தவறு. ஆனால் விதி எண்ணிக்கையைத்தான் பார்க்கும். நீட்டிப்பு இல்லை என்ற கடிதத்தை நானே தயாரித்தேன். ஆகஸ்ட் பதின்மூன்றோடு ஒப்பந்தம் முடிகிறது.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலை அவரை அழைத்து அதைக் கொடுத்தேன். அதே நாள் மாலை ஆறு மணிக்குள் கோட்டையின் வெளியீட்டு ஒப்புதலில் நான் கையெழுத்திட வேண்டும். ஜெயந்தி கடிதத்தை நிதானமாகப் படித்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"சார், ஒரு காரியம் கேக்கலாமா? நீங்க அந்தக் கோட்டைக்குள்ள ஒரு தடவையாச்சும் போயிருக்கீங்களா?"

பள்ளுருத்திக்கு எந்த பஸ் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். குரலில் சூடில்லை. ஒப்புதலில் கையெழுத்திடுமுன் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் ஆட்டத்தை ஒருமுறை தானே ஆடிப் பார்க்க வேண்டும் என்பது விதி பதினான்கு. அதையும் நான்தான் எழுதினேன். அதுவரை ஒன்பது விளையாட்டுகளுக்குக் கையெழுத்திட்டிருந்தேன். ஒன்றைக்கூட ஆடியதில்லை. இது ரகசியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்ட வேகத்தைப் பார்த்தபோதுதான், ரகசியம் எனக்கு மட்டும்தான் என்று தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆட உட்கார்ந்தேன்.

குறுக்கு ஆணை எனக்குத் தெரியாது. கேட்க மானம் தடுத்தது. அதனால் கோட்டைக்கு முந்தைய கிராமத்திலிருந்து நடந்தேன். முதல் பத்து நிமிடத்தில் ஒரு நாய் என்னைக் கொன்றது. அடுத்த பத்து நிமிடத்தில் அதே நாய். பிறகு கிணற்றுக்குள் விழுந்தேன். அதிலிருந்து வெளியே வரவே அரை மணி. என் நாற்காலிக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் ஒரு வழியாகக் கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது விளையாட்டுக்குள் வெயில் சாய்ந்திருந்தது.

வெளி வாயிலைத் தாண்டினேன். இருட்டறையில் காவலாளி கடிதம் கேட்டான். எந்தப் பொத்தான்? ஒன்றை அமுக்கினேன், குதித்தேன். இன்னொன்றை அமுக்கினேன், தொப்பியைக் கழற்றி வணங்கினேன். பின்னால் சிரிப்பு.

"சார், வட்டத்தை அமுக்குங்க" என்றார் ஜெயந்தி.

நானே கண்டுபிடிப்பேன் என்றேன். கன்ட்ரோலரைத் தூக்கிக் கண்ணாடிக்கு அருகே வைத்து ஒவ்வொரு பொத்தானாகப் படித்துக்கொண்டிருந்தபோது திரையில் மணி அடித்தது. ஜெப நேரத்து மணி. காவலாளி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு சின்னக் கதவு வழியாகப் போனான். எனக்குப் பின்னால் கிராதி இறங்கியது. முன்னால் இருந்தது திறக்கவே இல்லை. திரையின் மூலையில் சேமிப்பின் அடையாளம் ஒருமுறை சுழன்று நின்றது. கோட்டை தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தது.

பின்னால் முறுக்கு கடிபடும் சத்தம் நின்றது.

எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. வட்டப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன். கடிதத்தைக் காட்ட ஆளில்லை. சும்மா பார்வையைத் திருப்பினேன். சுவர், சுவர், கிராதி. பிறகு மேலே. கருப்பேறிய தடித்த உத்தரம். அதில் ஓர் இரும்பு வளையம். வளையத்துக்குப் பக்கத்தில் மரம் பெயர்ந்து பிறை மாதிரி ஒரு வடு. எங்கோ பார்த்ததுபோல இருந்தது. கன்ட்ரோலரை வைத்துவிட்டு நிஜமாகவே தலையைத் தூக்கினேன். என் தலைக்கு மேல் கிடங்கின் உத்தரம், மூட்டை தூக்க அந்தக் காலத்தில் அடித்த வளையம், ஃபேன் மாட்டும்போது எலக்ட்ரீஷியன் பெயர்த்துவிட்ட அதே பிறை.

"வர்கீஸ்" என்றேன்.

வர்கீஸ் கையிலிருந்த சாயாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "சாரே, ரெஃபரன்ஸ் வந்நில்ல. ரெண்டு மெயில் அயச்சு. பின்னெ ஞான் மேலோட்டு நோக்கி."

வாயில் கட்டுவதற்கான மாதிரிப் படங்களை ஸ்டுடியோ அனுப்பவில்லை. இரண்டு முறை கேட்டார், பதில் இல்லை. நாள் நெருங்கியது. மேலே பார்த்தார், வரைந்துவிட்டார். ஒவ்வொரு கல்லுக்கும் மரத்துக்கும் அங்கீகரித்த மாதிரிப் படம் இருக்க வேண்டும் என்பது ஸ்டுடியோவோடு நாங்கள் போட்ட ஒப்பந்தம். மீறினால் அவருடைய பெயர் அவர்கள் பட்டியலிலிருந்து போய்விடும்.

அப்போதுதான் ஜெயந்தி தன் 'சும்மா'வைத் திறந்தார்.

"நான் அதைத்தான் பாத்துட்டு நின்னேன் சார். அன்னைக்கு கிராமத்தை டெஸ்ட் பண்ணிட்டு அப்படியே நடந்தே வந்தேன். மேலே பாத்தா நம்ம ஃபேன் கொக்கி. அட, நம்ம கோடவுனுதானேன்னு நின்னுட்டேன். ஒரு நிமிஷத்துக்கு மேலே கை எடுத்தா பிரேக்குன்னு எழுதணும்ல? எழுதினா ஏன் நின்னேன்னு நீங்க கேப்பீங்க. சொன்னா வர்கீஸ் சேட்டன் மாட்டிக்குவாரு."

ஒரு நிமிடத்துக்கு மேல் கன்ட்ரோலரிலிருந்து கை எடுத்தால் இடைவேளை என்று பதிய வேண்டும் என்பது விதி பதினொன்று. அதை எழுதியது யார் என்று இனி நீங்கள் கேட்க வேண்டியதில்லை. 'நடந்து வந்தப்போ' என்று அவர் முதல் நாளே சொன்னதை நினைத்துக்கொண்டேன். நான் ஓட்டக்காரர்களை வைத்துச் சோதித்திருந்தேன். அந்தக் கோட்டைக்கு வாயில் இரண்டு; ஜெயந்திக்கு முன்னால் என் கைப்பட இறக்கிய கிராதிகள் அதைவிட அதிகம்.

அப்போது மணி நாலரை. ஸ்டுடியோவின் தயாரிப்பாளர் கையெழுத்து எங்கே என்று இரண்டாவது முறையாகக் கேட்டிருந்தார். எழுத வேண்டியது என்ன என்பதில் சந்தேகமில்லை. எதை விடலாம் என்பதில்தான் யோசனை. உத்தரத்தைச் சொல்லாமல், 'மணி அடிக்கும்வரை ஒன்றரை நிமிடம் நிற்கவும்' என்று மட்டும் எழுதலாம். அப்படி எழுதினால், அங்கே யார் நிற்பார்கள் என்று கேட்பார்கள். அதற்கு இருக்கும் ஒரே பதில் உத்தரம். உத்தரத்தைச் சொன்னால் வர்கீஸ். சொல்லாவிட்டால் ஜெயந்தி. நான் கீபோர்டுமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடைவேளை என்று பதிய வேண்டிய நேரம் அது.

வர்கீஸ் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "சாரே, எழுதிக்கோ. எந்தாயாலும் நல்ல உத்தரமாணு." எப்படியிருந்தாலும் நல்ல உத்தரம்தானாம்.

எழுதினேன். அந்தக் குறிப்பின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிராமத்திலிருந்து நடந்தே வரவும், குறுக்கு ஆணை வேண்டாம். வெளி வாயிலைத் தாண்டவும். கடிதத்தைக் காட்ட வேண்டாம். மேலே பார்க்கவும், கூரை பார்க்கும்படி இருக்கிறது. மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கவும். அதன்கீழே, மாதிரிப் படம் வராததால் கூரை எங்கள் அலுவலகக் கூரையைப் பார்த்து வரையப்பட்டது, புகைப்படம் இணைப்பில் என்று எழுதினேன். டெஸ்டர் ஒருவர் இதைச் சரியாகச் சொன்னதும், விதி 9.4-க்கு மாறாக நான் அதை மூடியதும் கடைசி வரி. இணைப்புக்காக நாற்காலிமேல் ஏறி உத்தரத்தைப் படமெடுத்தவர் ஜெயந்தி. தூசிக்கு எல்லாரும் தும்மினோம்.

பதில் அரைமணியில் வந்தது. கோட்டை வாசலில் ஒன்றரை நிமிடம் யாரும் நிற்க மாட்டார்கள், முக்கியத்துவம் குறைவு, கையெழுத்து வேண்டும். 'இதுவரை இரண்டு பேர் நின்றிருக்கிறோம்' என்று மட்டும் திருப்பி எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை. எங்கள் கையெழுத்து இல்லாமலே வெளியிட அவர்களுக்கு உரிமை இருந்தது. அதன்பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

எர்ணாகுளத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து சத்தம் வந்தது. நாய் கடித்த கதை சொல்லி ஒரு வாடிக்கையாளரை இழக்கப் பார்க்கிறேனா என்று கேட்டார்கள். நாய் கடித்ததை அவர்களுக்கு யார் சொன்னது என்பது இன்றுவரை தெரியவில்லை. ஜெயந்தியின் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். முடியாது என்றார்கள். மூடிய குறிப்பு செல்லுபடியாக வேண்டுமானால் வாடிக்கையாளர் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். விதி ஆறு, உட்பிரிவு ஐந்து. படித்துக் காட்டினார்கள். நல்ல மொழிநடை. என்னுடையது.

ஆக, எல்லாம் ஒரு பதிலில் தொங்கியது. ஒரு வாரம் வரவில்லை. பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, ஐந்து மணிக்கு ஜெயந்தி தன் நுழைவு அட்டையையும் அதை ஒப்படைக்கும் படிவத்தையும் என் மேசைமேல் வைத்தார். துணிக்கடையில் பேசியாகிவிட்டது, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஓணக் கூட்டம் தொடங்கும் நேரம், ஆள் வேண்டுமாம். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"மதி சார், போதும். அந்தக் கடைசி வரி எழுதினீங்களே, அது மதி" என்றார். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை முதன்முறையாக நான் என் கையேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். விதி இருபத்திரண்டு: அட்டை ஒப்படைப்புப் படிவத்தில் தலைமைப் பொறுப்பாளர் மூன்று வேலை நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து ஆகும்வரை அந்த நபர் ஊழியராகவே கருதப்படுவார்.

'மூன்று நாட்களுக்குள்' என்றால் முதல் நாளே போட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. படிவத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். புதன்கிழமை ஒரு நாள். வியாழன் ஆகஸ்ட் பதினைந்து. சுதந்திரத்தின் அருமையை அன்று உணர்ந்தேன். வெள்ளி இரண்டு. நமக்குச் சனிக்கிழமையும் வேலை நாள் என்று நீங்கள் முனகுகிறீர்களே, அந்தச் சனி மூன்று. படிவம் என்ன ஆயிற்று என்று எர்ணாகுளத்திலிருந்து இருமுறை கேட்டார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். கப்பல் ஏஜென்சி நாட்களில் துறைமுகத்துக்காரர்கள் எனக்குச் சொல்லிவந்த வாக்கியம். அதைச் சொல்பவருக்குக் கிடைக்கும் நிம்மதியை அன்றுதான் அனுபவித்தேன்.

ஜெயந்திக்கு போன் செய்து, விதிப்படி நீங்கள் இன்னும் ஊழியர், வேலைக்கு வராமலிருந்தால் விடுப்பு விண்ணப்பம் தர வேண்டியிருக்கும் என்றேன்.

"விதிப்படி வந்தா விதிப்படி சாயா உண்டா சார்?"

உண்டு என்றேன். வந்தார். கோட்டையின் மதில்களைச் சோதித்தார். வெள்ளிக்கிழமை இரண்டு பிழைகள் கண்டுபிடித்து, இரண்டையும் மும்மூன்று முறை செய்துகாட்டினார், வேண்டுமென்றே என் மேசைக்கு முன்னால்.

சனிக்கிழமை மலையாள ஆண்டுப் பிறப்பு, சிங்ஙம் மாதத்தின் முதல் நாள். மாடியில் பாதிப் பேர் ஜரிகைக் கரை போட்ட கசவு உடுத்தி வந்திருந்தார்கள். நாலரை மணிக்குப் படிவத்தை வெளியே எடுத்தேன். ஐந்து மணிக்கு என் அவகாசம் முடிகிறது. அதற்குமேல் நீட்ட விதி இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பேனாவைத் திறந்தேன். ஜெயந்தி தன் மேசையில் பழைய டம்ளரையும் ஒரு சின்ன டப்பாவையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வர்கீஸ் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கணினி ஒலித்தது. தயாரிப்பாளரிடமிருந்து மெயில். அவர்கள் நாட்டில் சனிக்கிழமை விடுமுறை. சத்தமாகப் படித்தேன்.

'நேற்று வேலை முடிந்த பிறகு நானே கிராமத்திலிருந்து நடந்து வந்தேன். நாய் இரண்டு முறை கொன்றது. வாயிலில் நின்றேன். கூரையைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டேன். பிழை உறுதி. இனி மணி அடித்தாலும் காவலாளி இடத்தை விட்டு நகர மாட்டான். வெளியீட்டை ஒரு வாரம் தள்ளியிருக்கிறோம். கூரையில் கை வைக்க வேண்டாம். அடுத்த கோட்டைக்கும் மாதிரிப் படம் அனுப்ப மறக்கலாமா என்று யோசிக்கிறோம்.'

வர்கீஸ் எல்லாருக்கும் சாயா சொல்லப் போனார். ஜெயந்தி டம்ளரைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒருமுறை சுற்றினார்.

நான் படிவத்தின் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'வாடிக்கையாளரின் பதில் பெறப்பட்டது' என்று எழுதிக் கீழே தேதியிட்டேன். ஆகஸ்ட் பதினேழு, சனிக்கிழமை. ஜெயந்தி எட்டிப் பார்த்தார்.

"சிங்ஙம் ஒண்ணுன்னும் போடுங்க சார். நல்ல நாளாக்கும்."

படிவத்தில் மலையாளத் தேதிக்கு இடம் கிடையாது. ஓரத்தில் எழுதினேன்: சிங்ஙம் ஒன்று.